எழுத்தாளர் குழுவில் சேரத்தான் வேண்டுமா?

ஜனவரி 9 (கேள்வி)

ஆறு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். 30 கதைகள் இருக்கும், 4 அச்சில் வந்தன. பக்கத்தில் ஒரு குழு மாதம் இருமுறை கூடி ஒருவர் கதையை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்கிறார்களாம், என்னையும் அழைக்கிறார்கள். எழுத்து தனிமையில் நடப்பது, பத்துப் பேர் கை வைத்தால் கதை யாருடையதும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றுகிறது. நல்ல வாசகர் ஒருவர் போதாதா? பல ஆண்டு குழுவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு (பதில்)

சேருங்கள்.

நான் ஒரே குழுவில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். நடுவில் ஒன்றரை ஆண்டு கோபித்துக்கொண்டு விலகியிருந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். பத்துப் பேர் கை வைப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. உருப்படியான குழுவில் யாரும் உங்கள் கதையில் கை வைப்பதில்லை. படிக்கிறார்கள், படித்தபோது தங்களுக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறார்கள். எழுதியவருக்கு வேறு எந்த வழியிலும் தெரியவராத செய்தி அது. நம் கதையை நாம் ஆயிரம் முறை படிக்கலாம், முதல் முறை மட்டும் படிக்க முடியாது.

ஜனவரி 10

நேற்று எழுதியது பொதுப்படையாக இருக்கிறது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

குழுவுக்கு நான் கொண்டுபோன இரண்டாவது கதை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போன அக்கா திரும்பி வருகிறாள், தம்பி கதவைத் திறக்கிறான். நான்காம் பக்கம், மூன்றாம் பத்தியில் இப்படி இரண்டு வரிகள்: ‘அவள் பையைக் கீழே வைக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.’ இந்த வரிகளுக்காகத்தான் கதையையே எழுதினேன் என்று சொல்லலாம்.

கூட்டம் முடிந்ததும் ஆறு பேரும் அவரவர் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆறு பிரதிகளின் நான்காம் பக்கத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஒன்றில் அந்த வரியின் அடியில் பென்சில் கோடு. ஒன்றில் கேள்விக்குறி. ஒன்றில் ‘என்ன புரிந்தது?’ என்று பொடி எழுத்தில் எழுதி, பிறகு அழித்திருந்தார்கள். இன்னொன்றில் எழுத்து ஏதும் இல்லை. ஆனால் ஓரத்தில் அழுக்குப் படிந்த கட்டைவிரல் தடம் இருந்தது. அங்கே நின்று, பக்கத்தைப் பிடித்தபடி முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஆறு பேரில் நான்கு பேர் ஒரே இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்ன பரிகாரங்களோ ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒருவர் அந்தப் பத்தியையே எடுத்துவிடச் சொன்னார். இன்னொருவர் அக்கா ஏன் போனாள் என்பதை ஒரு பக்கம் எழுதச் சொன்னார். மூன்றாமவர் கதையை அக்காவே சொல்வதுபோல் மாற்றச் சொன்னார். எதைக் கேட்பது என்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு கதையின் பழைய படிகளை (வரைவுகளை) எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் படியில், இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: அக்கா போன இரவு, கையில் பையோடு ஒரு மணி நேரம் வாசலில் நின்றதைத் தூங்குவதுபோல் கிடந்த தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். சுருக்குகிறேன் என்று மூன்றாம் படியில் அந்த வரியை நானே வெட்டியிருக்கிறேன். தாளிலிருந்து போனது என் தலையிலிருந்து போகவில்லை. அதனால் எனக்கு நான்காம் பக்கம் ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைத்தது, அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்த வரியை இரண்டாம் பக்கத்தில் திரும்ப வைத்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

ஜனவரி 10, மாலை

‘அப்படியானால் அவர்கள் சொன்ன யோசனை எல்லாம் தவறுதானே, குழு எதற்கு?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யோசனை தவறு. தடுக்கிய இடம் சரி. முழங்காலில் வலி என்று வருகிறவருக்கு இடுப்பில் கோளாறு இருக்கலாம். அதற்காக முழங்கால் வலி பொய்யாகிவிடாது. அந்த நான்கு பேரும் வலித்த இடத்தைக் காட்டினார்கள். காரணத்தைத் தேடுவது என் வேலை. ஏனென்றால் வெட்டிய வரி எது என்று எனக்குத்தான் தெரியும்.

ஜனவரி 12

நடைமுறையைக் கேட்டவர்களுக்கு. நாங்கள் இப்போது 7 பேர். ஒரு கூட்டத்துக்கு இரண்டு கதைகள், ஒவ்வொன்றும் 8 பக்கத்துக்கு மிகாமல். மூன்று நாள் முன்பே பிரதி கைக்கு வந்துவிட வேண்டும். படிக்காமல் வருகிறவர் அன்று பேசக் கூடாது. வரிசையாக ஒவ்வொருவரும் இரண்டு மூன்று நிமிடம் பேசுவோம், குறுக்கே யாரும் பேசுவதில்லை. எல்லோரும் முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

இது நாங்கள் கண்டுபிடித்த முறை அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபோர்டு என்னும் ஊரில் 1956இல் டேமன் நைட் முதலான அறிவியல் புனைகதைக்காரர்கள் கூடத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெயரே முறைக்கும் பெயராகிவிட்டது. 1968இல் தொடங்கிய கிளாரியன் என்ற எழுத்துப் பயிலரங்கம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. வட்டமாக அமர்வது, முறைவைத்துப் பேசுவது, எழுதியவர் மௌனம், கடைசியில் அவருக்கு ஒரு வாய்ப்பு. வேறு வேறு நாடுகளில் இன்றும் பல குழுக்கள் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன.

அந்த மௌனம்தான் முக்கியம். பேச விட்டால் நாம் விளக்கத் தொடங்குவோம். ‘அதாவது, அந்த அக்கா போன இரவில்...’ என்று ஆரம்பித்தால் முடிந்தது. கதை சொல்லாததை நம் வாய் சொல்லிவிடும், கேட்டவர்களும் தலையாட்டிவிடுவார்கள். அச்சில் படிக்கப்போகிறவர் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஜனவரி 13

கருத்துச் சொல்லத் தெரியவில்லை, ‘நன்றாக இருக்கிறது’, ‘ஏதோ குறைகிறது’ இவற்றைத் தாண்டி வாயில் சொல் வரவில்லை என்று எங்கள் குழுவில் ஆரம்பத்தில் எல்லோருக்குமே தவிப்பு. எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் (இனி ‘ஐயா’ என்றே எழுதுகிறேன், நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருநாள் அரைத்தாளில் பத்துச் சொல்தொடர்களை எழுதி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பத்துக் குற்றங்கள்.

குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை.

பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனதுதான். ஆனால் ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். என் அக்கா கதைக்கு நேர்ந்தது குன்றக் கூறல், வேறு சொல்லே தேவையில்லை. எங்களில் ஒருவரின் கதைகள் எல்லாமே பாய்ச்சலாகத் தொடங்கும், ஆறாம் பக்கத்தில் மூச்சு வாங்கும், எட்டாம் பக்கத்தில் எங்கேயோ போய் மறைந்துவிடும். ‘ஏதோ குறைகிறது’ என்று மூன்று ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தோம். ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஐயா சொன்ன அன்று அந்தக் கதைகளை எழுதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குறைக்குப் பெயர் தெரிந்தால் பாதி பயம் போய்விடுகிறது. அவர் இப்போது கடைசிப் பக்கத்தை முதலில் எழுதிவிட்டு அங்கே போய்ச் சேர்கிற மாதிரி மற்றதை எழுதுகிறார்.

ஜனவரி 14

மறுபடி யோசித்தேன். நன்னூல் சொல்வது நூலுக்கு, கதைக்கு அல்ல. இலக்கண நூலில் மயங்க வைத்தல் குற்றம்தான். கதையில் சில இடங்களில் படிப்பவரை மயங்க வைக்கத்தான் வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறோம். இந்தப் பட்டியலைத் தராசாகப் பிடிக்காதீர்கள். வாய்க்குச் சொல் எடுத்துக் கொடுக்கும் அளவில் போதும்.

ஜனவரி 14, இரவு

இன்னொரு விடுபாடு. ஒருவர் நினைவூட்டியிருக்கிறார், நன்றி. நன்னூலில் பத்துக் குற்றத்தோடு பத்து அழகும் உண்டு: சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், நவின்றோர்க்கு இனிமை என்று போகும். ஐயா கொடுத்த அரைத்தாளின் பின்பக்கத்தில் அதுவும் இருந்தது. நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. பாராட்டுக்கும் இதே துல்லியம் வேண்டும். ‘மூன்றாம் பக்க உரையாடலில் ஓசை இருக்கிறது, வாய்விட்டுப் படித்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அந்த உரையாடலை நான் அடுத்த படியில் வெட்டாமல் இருப்பேன். எது வேலை செய்கிறது என்று தெரியாதவர் திருத்தும்போது அதைத்தான் முதலில் கெடுப்பார்.

ஜனவரி 17

‘நல்ல வாசகர் ஒருவர் போதாதா?’ இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கிடைத்தால் போதும். டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ (The Waste Land) என்ற ஆங்கிலக் கவிதையை எஸ்ரா பவுண்ட் என்ற சக கவிஞர் அடித்துத் திருத்தி ஏறத்தாழப் பாதியாக்கினார். 1922இல் வெளிவந்தது அந்தப் பாதிதான். அந்தத் திருத்தப் படிகள் 1971இல் நூலாக வந்தன. பக்கம் பக்கமாகப் பவுண்டின் கோடுகளைப் பார்க்கலாம். ஆனால் பவுண்ட் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. ஒருவர் மட்டும் ஓரிடத்தில் தடுக்கினால் தடுக்கியது கதையா அவரா என்று தெரியாது. அன்று அவருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். நான்கு பிரதிகளில் ஒரே வரியில் தடம் இருந்தால் அதை ஒதுக்க முடியாது. ஒருவரிடம் எனக்கு ருசி கிடைக்கும், ஆறு பேரிடம் சான்று கிடைக்கும்.

ஜனவரி 18

குழுவுக்குள்ளேயே ஒரே ஒருவர் கதையைக் கொல்வதும் உண்டு என்று எழுதியிருக்கிறார் ஒருவர். உண்மை. ஆக்ஸ்ஃபோர்டில் இங்க்ளிங்ஸ் என்ற குழு வியாழக்கிழமை இரவுகளில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் அறையில் கூடியது. டோல்கீன் அங்கேதான் தம் மோதிரக் கதையை (The Lord of the Rings) பகுதி பகுதியாக வாசித்தார். ஹ்யூகோ டைசன் என்ற உறுப்பினருக்கு அந்தக் கதை அறவே பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. கடைசியில் டைசன் இருக்கிற நாளில் டோல்கீன் வாசிக்கவே இல்லை. ஆனாலும் எழுதி முடித்தார். 1954, 55 ஆண்டுகளில் மூன்று பாகமாக வந்தது. பின்னாளில் ஒரு கடிதத்தில், லூயிஸுக்குத் தாம் பட்ட கடன் அவருடைய தாக்கத்துக்காக அல்ல, வெறும் ஊக்கத்துக்காக என்று எழுதினார். தம் எழுத்து சொந்தப் பொழுதுபோக்கு என்பதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்ற எண்ணத்தை லூயிஸ்தான் கொடுத்தாராம்.

அந்தக் கடிதச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ‘அடுத்த அத்தியாயம் எப்போது?’ என்று கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தனியாகப் பத்தாண்டு எழுதியவர்களுக்குத் தெரியும். குழுவின் பயனாக இதுவரை நான் சொன்ன எதையும்விட இது பெரிதோ என்றுகூட இன்று தோன்றுகிறது.

ஜனவரி 19

‘நம் முன்னோர் யாரும் குழு வைத்து எழுதவில்லை’ என்று ஒரு குறிப்பு. தொல்காப்பியத்தின் பாயிரத்தைப் பாருங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், தொல்காப்பியர் தம் நூலை அதங்கோட்டு ஆசானுக்கு ‘அரில் தபத் தெரிந்து’ எடுத்துச் சொன்னதாகப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் சொல்கிறார். அரில் என்றால் பின்னிக்கிடக்கும் சிக்கல். சிக்கல் நீங்கும்படி ஒருவர் முன் வைத்துக் காட்டப்பட்டது என்பதை நூலின் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டவர் பெயரையும் விடவில்லை. அரங்கேற்றம் என்ற சொல் இன்று விழாவாகிவிட்டது. முன்பு அது, தடை எழுப்ப ஒருவரும் அதற்கு விடை சொல்ல ஒருவரும் இருக்கிற அவையில் நடப்பதாகச் சொல்வார்கள்.

ஜனவரி 24

விலகிய கதை.

குழுவில் நான்காவது ஆண்டு. ஓர் இரவுக் காவலாளி பற்றி 7 பக்கத்தில் எழுதியிருந்தேன். பணியில் அவருடைய கடைசி இரவு. 22 பூட்டுகளையும் வழக்கம்போல் இழுத்துப் பார்த்துக்கொண்டு வருகிறார். கடைசி வாசலுக்கு வந்ததும் பூட்டாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்துவிடும்.

கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவருக்குக் குடும்பம் இல்லையா என்று ஒருவர். பகலில் என்ன செய்வார் என்று ஒருவர். ஐயா முடிவைப் பற்றி, ‘என்னை அந்த வாசலில் தனியாக விட்டுவிட்டீர்கள்’ என்றார். நான் எல்லோர் சொல்லையும் மதித்தேன். மனைவி வந்தாள், பகல் வந்தது, ஏன் பூட்டவில்லை என்பதற்குக் கடைசியில் இரண்டு பத்தி விளக்கம் வந்தது. 7 பக்கம் 12 பக்கம் ஆனது. பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. ஒரு மாதம் கழித்து நானே படித்துப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் விடை இருந்தது, கதை இல்லை.

குழுதான் கெடுத்தது என்று முடிவு செய்தேன். குறிப்பாக ஐயா மேல் கோபம். அவ்வளவு படித்தவர், முடிவை விளக்கச் சொல்லலாமா? அடுத்த கூட்டத்திலிருந்து போகவில்லை.

ஜனவரி 25

நேற்று எழுதியதைப் படித்து ஒருவர், ‘நான் சொன்னது இதுதானே’ என்று கேட்டிருக்கிறார். பொறுங்கள். அந்த ஒன்றரை ஆண்டில் நான் எழுதி முடித்தது ஒரே ஒரு கதை. அதையும் யாரிடமும் காட்டவில்லை. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. திரும்பிப் போனதற்குக் காரணம் இந்த இருட்டுதான்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. குழுவில் இருந்தபோது மாதம் நான்கு கதைகளாவது பென்சிலோடு படித்துக்கொண்டிருந்தேன். அது நின்றதும் என் கண் மழுங்கிவிட்டது. அச்சான நல்ல கதைகளைப் படிப்பதும், பாதி வெந்த கதையைப் படித்து எங்கே வேகவில்லை என்று தேடுவதும் ஒன்றல்ல. அடுத்தவர் கதையில் ‘கூறியது கூறல்’ என்று மூன்று முறை ஓரத்தில் எழுதிய கை, நான்காம் முறை தன் கதையிலேயே நின்றுவிடும். கருத்து வாங்கியதைவிடக் கருத்துச் சொன்னதில்தான் நான் அதிகம் கற்றேன். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 2

ஜனவரி 24 குறிப்பில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. திருத்துகிறேன்.

இந்த விவாதத்துக்காகப் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போது நான் எப்போதும் பென்சிலில் குறித்துக்கொள்வேன். காவலாளி கதையின் பக்கத்தில் ஐயா பெயருக்கு நேரே பென்சிலில் இருப்பது இவ்வளவுதான்: ‘முடிவு. வாசலில் தனியாக விட்டுவிட்டீர்கள்.’ அதற்குக் கீழே நீல மையில், ‘சரிசெய்ய வேண்டும். விளக்கம்?’

நீல மை வீட்டில் எழுதியது. நோட்டு முழுக்க அப்படித்தான்: கூட்டத்தில் பென்சில், வீட்டில் பேனா. ‘சரிசெய்ய வேண்டும்’ என்று அவர் சொல்லவே இல்லை. அது நான் சேர்த்தது. இத்தனை ஆண்டுகளாக அவர் சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐயாவுக்கு இப்போது 81 வயது, கூட்டத்துக்கு வருவதில்லை. நேற்று மாலை தொலைபேசியில் கூப்பிட்டேன். ‘ஐயா, காவலாளி கதை ஒன்று எழுதினேனே, நினைவிருக்கிறதா?’ என்றேன்.

‘வாசல் திறந்திருக்குமே, அதுதானே அம்மா?’ என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘அந்த ஆளோடு என்னையும் அங்கே தனியாக விட்டுவிட்டீர்கள். நான் பணி ஓய்வு பெற்ற நாள் எனக்கு அப்படித்தான் இருந்தது. அடுத்த முறை கொண்டுவந்தபோது அந்த வாசலில் கூட்டம் சேர்த்துவிட்டீர்கள். நீங்களே விரும்பிச் செய்தது போல் இருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்’ என்றார்.

பாராட்டியிருக்கிறார். என் கதைகளுக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. நான் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு வெட்டி எறிந்திருக்கிறேன். அதற்காக அவர் மேல் ஒன்றரை ஆண்டு கோபமாகவும் இருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். ‘கேட்டிருக்கலாமே அம்மா’ என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 3

இரவெல்லாம் அதே வார்த்தை. கேட்டிருக்கலாம்.

ஜனவரி 12இல் மௌனத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதினேன். அதில் பாதியை இன்று மாற்றிக்கொள்கிறேன். மற்றவர்கள் பேசும்போது மௌனம் சரிதான். ஆனால் கடைசியில் எழுதியவருக்குத் தரும் வாய்ப்பை எங்கள் குழுவில் எல்லோரும் நன்றி சொல்லத்தான் பயன்படுத்தினோம். அது கேட்பதற்கான நேரம். ‘தனியாக விட்டுவிட்டீர்கள் என்றீர்களே, அப்போது உங்களுக்குக் கதையிலிருந்து வெளியே வரத் தோன்றியதா, அங்கேயே நிற்கத் தோன்றியதா?’ அந்த ஒரு கேள்வியை அன்று கேட்டிருந்தால் கதை பிழைத்திருக்கும்.

எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சொன்னேன். அடுத்த கூட்டம் முதல் எழுதியவருக்குப் பத்து நிமிடம். விளக்கம் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம்.

பிப்ரவரி 8

எந்தக் குழுவிலிருந்து ஓட வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் மட்டுமே பேசி மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கும் குழு. கதையை விட்டுவிட்டு எழுதியவரைப் பற்றிப் பேசும் குழு. யாருமே எழுதாமல் எழுத்தைப் பற்றிப் பேச மட்டும் கூடுகிற குழு. எல்லாவற்றையும் ‘அருமை’ என்று சொல்லி அனுப்பும் குழுவும் இவற்றைப் போலவே ஆபத்து, ஆனால் அங்கிருந்து யாருக்கும் எழுந்து வர மனம் வருவதில்லை. மூன்று கூட்டம் பாருங்கள், போதும்.

பிப்ரவரி 9

நன்னூலில் மாணாக்கரைப் பற்றியும் ஒரு சூத்திரம் இருக்கிறது: அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம் (ஓட்டைக் குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி). கருத்துக் கேட்டுக்கொள்கிறவருக்கு இது அப்படியே பொருந்துகிறது என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆடு ஒரு செடியில் நின்று மேயாமல் நுனி நுனியாகக் கடித்துப் போகும், எல்லோர் யோசனையிலும் ஒரு வாய் எடுத்துக்கொள்கிறவர் அப்படி. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். காவலாளி கதையில் நடந்தது இதுதான், ஐயா ஊற்றிய நெய் ஒழுகிப்போனது.

அன்னமாக இருங்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் பாலும் நீரும் எது எது என்று கேட்ட அன்றே யாருக்குத் தெரிகிறது? என்னால் முடிவது பசுவின் வழி. கிடைத்ததை மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடுவது. இரண்டு வாரம் கதையைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அதற்குள் பாதிக் கருத்துகள் தாமாக உதிர்ந்துவிடும். உதிராமல் உறுத்திக்கொண்டே இருப்பதை எடுத்துப் பார்ப்பேன்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்ட நண்பர் முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார்: ஐந்து பேர் பேசினார்கள், ஒருவருக்கும் கதை பிடித்ததாகத் தெரியவில்லை, இரண்டு நாளாக எழுத உட்கார முடியவில்லை.

முதல் முறை எனக்கும் அப்படித்தான் இருந்தது, எல்லோருக்கும் இருக்கும். சமாதானம் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த ஐந்து பிரதிகளையும் எடுத்து, ஒரே பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். எங்கே பென்சில் பட்டிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். எந்தப் பக்கத்தில் யாருமே ஒன்றும் குறிக்கவில்லை என்பதையும் பாருங்கள். குறிக்காத பக்கத்தில் அவர்கள் பென்சில் கையில் இருப்பதையே மறந்து படித்திருக்கக்கூடும். அடுத்த கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

பிப்ரவரி 17

அவருடைய பதில் வந்தது. ஐந்து பிரதியிலும் ஐந்தாம் பக்கத்தில் ஒரு குறியும் இல்லையாம். அந்தப் பக்கத்தை எழுதிய இரவு தமக்கு நினைவிருக்கிறது என்கிறார். அடுத்த கூட்டத்துக்குப் போகிறாராம்.

பிப்ரவரி 22

காவலாளி கதையின் 7 பக்கப் பிரதி ஒரு பழைய உறைக்குள் அகப்பட்டது. இரண்டு எழுத்துப் பிழைகளைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. பெரிய எழுத்தில் அச்செடுத்து ஐயாவுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், இப்போது அவருக்குப் பார்வை மங்கல்.

நாளை மறுநாள் கூட்டம். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் முதல் கதை கையில் இருக்கிறது, 8 பக்கம். மூன்றாம் பக்கத்தின் நடுவில், மாமியார் விளக்கை அணைக்கும் வரியில் நின்றுவிட்டேன். முன்பக்கத்தைப் புரட்டினேன், மறுபடி வந்தேன், மறுபடியும் அதே இடம். என்ன செய்யலாம் என்று உடனே ஒரு யோசனை தோன்றியது. அதை எழுதவில்லை. வரியின் அடியில் மெல்லிதாக ஒரு கோடு போட்டு, ‘இங்கே இரண்டு முறை நின்றேன்’ என்று எழுதியிருக்கிறேன். அது நல்ல நிற்பா கெட்ட நிற்பா என்று அவர் என்னைக் கேட்க வேண்டும்.